ராத்தாவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த நடிகை

வீடியோ டெக்குக்குள் கேசட்டைத் தள்ளியதும் ‘களக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், சற்று நேரத்தில் சூடேறிய பிளாஸ்டிக் வாசம் பர்மாவில், லான்மடா பேட்டையில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கூடம் முழுக்கப் பரவிவிடும். பக்கத்து வீட்டு ஆங்கிலோ பர்மிய டீச்சர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது கொடுத்துவிட்டுப் போன ஒரு பெட்டி நிறையக் கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் படங்கள் எங்களிடம் இருந்தன. ராணுவ ஆட்சியில் கல்லூரிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த தொண்ணூறுகளில், படிப்பு பாதியில் நின்றுபோன என் அக்கா ஜைனபுக்கு, எங்கள் ‘ராத்தா’வுக்கு, அந்தப் பெட்டிதான் துணை.

அந்தப் படங்களின் கதாநாயகிகள் யாரும் என் நினைவில் இல்லை. பல படங்களில் சில நிமிடமே வந்துபோகும் ஒரு நடிகைதான் நிற்கிறார். ஒன்றில் விடுதிக்காரி, இன்னொன்றில் தாதி. குண்டு விழுந்து கூரை போன வீட்டில் நாயகி விம்மிக்கொண்டிருக்க, இவர் உடைந்த ஓடுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் தேநீர் போடுவார். பெயர் வரும் இடத்தில் நாடா தேய்ந்து கோடு கோடாகிவிட்டதால், நாங்களே அவருக்கு ‘டோ லபெயே’, அதாவது தேநீர் அம்மா என்று பர்மியத்தில் பெயர் வைத்துக்கொண்டோம்.

மின்சாரம் இருக்கும்போதெல்லாம் ராத்தா அவர் பேசும் இடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கூடவே சொல்லிப் பார்ப்பாள்.

“அந்த வேலைக்காரியப் பாத்து என்னத்தப் புள்ள படிக்கிறே?” என்பார் உம்மா.

“அழுற கதாநாயகி பேசுறது புரியல உம்மா. இவங்கதான் ஒவ்வொரு சொல்லையும் முழுசாச் சொல்றாங்க.”

நகரத்தில் புதிய ஓட்டல்கள் எழும்பிய சமயம், ஒன்றில் வரவேற்பு வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரியவந்தது. லொஞ்சி எனும் பர்மியக் கைலிகள் விற்கும் கடை வைத்திருந்த வாப்பா கொதித்துப் போனார். “நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ள ஓட்டல்ல போயி நிக்கிறதா? பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ராத்தா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். “போய்ப் பேசிட்டு மட்டும் வர்றேன் வாப்பா. வேலை கிடைச்சா அப்புறமா சண்டை போடுவோம்” என்றாள், குரலை உயர்த்தாமல். வாப்பா அந்தத் தேநீரைக் குடித்து முடித்தார். மறுநாள் அவரே கூட்டிக்கொண்டு போய் ஓட்டல் வாசலில் காத்து நின்றார்.

உள்ளே, வெள்ளைக்கார மேனேஜர் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, இங்கிலாந்தில் எந்த ஊரில் இருந்தாய் என்று விசாரித்தாராம். “மிங்கலாடோன் விமான நிலையத்தைக்கூட நான் பார்த்ததில்லை” என்றிருக்கிறாள். என் அம்மா காலத்தோடு போய்விட்ட பேச்சல்லவா இது என்று அவர் சிரித்தாராம். ஆனால் அவர் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த வாப்பா, தெருமுனைத் தேநீர்க் கடையில் “என் மக பேச்சுல வெள்ளைக்காரனே அசந்துட்டான்!” என்று தமிழிலும் பர்மியத்திலுமாக முழங்கியது மாடிவரை கேட்டது. அதற்குப் பிறகு சண்டையே நடக்கவில்லை.

இன்று வாப்பா இல்லை. நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்து எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். மழைக்காலத்து ஈரத்தில் நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. ஓட்டலில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இப்போது ராத்தாதான் பேசப் பழக்குகிறாள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொரியத் தொடர்கள். “இப்படிப் பேச எங்கே படிச்சீங்க?” என்று அவர்கள் கேட்டால், அவள் அந்த நடிகையின் முகத்தை, நடையை, கை ஈரத்தை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைக்கிற விதத்தை ஒவ்வொன்றாக விவரித்துக்கொண்டே போகிறாள். காட்டுவதற்கு அவளிடம் ஒரு படம்கூட மிச்சமில்லை.