இருநூறு கூடை குப்பை

தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று இப்போது சரியாக நினைவில்லை. மே மாதம் என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் கொல்லிமலை முழுக்க அன்று பலாப்பழ வாசனை. சென்னையில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். விடுமுறையில் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். எங்கள் பேராசிரியர் கொடுத்த தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்: 'வளரும் மலை ஊர்களுக்கான நீடித்த நகர மேலாண்மை'. கொல்லிமலையில் ஏது நகரம் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். இன்றைக்கு இல்லை, இன்னும் இருபது வருடத்தில் ஆகிவிடும், ஆன பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதைவிட இப்போதே திட்டம் போட்டுக் கொடுங்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் சென்னைப் பெண்கள். ஒருத்தி கணக்கில் புலி. இன்னொருத்தி நன்றாகப் படம் வரைவாள். நான் வாயாடி, அதனால் தலைவி. சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்து, எழுபது கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே மலையேறினோம். லீவுக்குப் பூட்டியிருந்த ஒரு பள்ளி விடுதியில் தங்க இடம் கிடைத்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும். அந்தக் குளிரையும், வெல்லம் போட்ட காபியையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. இருபது வயது வேறு. உலகத்தைத் திருத்தப் பிறந்தவர்கள் நாங்கள்தான் என்ற நினைப்பு.

வீடு வீடாகப் போய் விவரம் கேட்க ஒரு படிவம் தயாரித்திருந்தோம். அதில் ஐந்தாவது கேள்வியை எழுதியது நான்தான்: 'உங்கள் வீட்டில் ஆண்டுக்குச் சேரும் குப்பை எவ்வளவு?' நகரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். இங்கே என்னடா என்றால் முகம் மலர்ந்து பதில் சொன்னார்கள். நூறு கூடை என்றார் ஒருவர். பக்கத்தில் நின்றவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வீட்டில் நூற்று இருபது தேறும் என்றார். ரோட்டோரத்து வீட்டு அம்மாள் நூற்று எண்பது என்றதும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "எங்கூட்ல இருநூறு கூடைங்க, எழுதிக்கோங்க" என்றார்.

கணக்குப் புலி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இந்த ஊர் சென்னையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றாள். இவ்வளவு குப்பையையும் போட்டுவிட்டு அதில் பெருமை வேறா என்று எங்களுக்குள் பேசிச் சிரித்தோம். அந்த ஊரில் கண்ணுக்குத் தெரிந்த காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் பஸ் நிற்கிற இடத்தில் கிடந்த நாலைந்து ஷாம்பு பாக்கெட்டுகள்தான். அப்படியானால் இருநூறு கூடை எங்கிருந்து வந்தது என்று மூன்று பேரில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை.

வெறும் அறிக்கை போதாது, ஒரு வீட்டையாவது மாதிரியாகச் சுத்தம் செய்து போட்டோ எடுத்துக்கொண்டு போவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ரோடு வேலைக்காக மலைக்கு வந்திருந்த ஒரு டிராக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி அரை நாளுக்கு வாங்கினோம். எந்த வீடு? இருநூறு கூடை அக்கா வீடுதான், வேறு எது. அவருக்கு எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கணவர் நாமக்கல்லில் கட்டட வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டை ஒட்டி இடுப்பு உயரத்துக்குக் குவியல்: சாணம், ஆட்டுப் புழுக்கை, சாம்பல், மக்கிப்போன பலா மடல். அதைப் பார்த்ததும் படம் வரைகிறவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இந்தக் குப்பையை நாங்களே டிராக்டர் வெச்சு எடுத்துட்டுப் போறோம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன்.

அக்காவால் நம்ப முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "நெசமாத்தானுங்களா? மெனக்கெட்டு நானே சுமக்கோணும்னு இருந்தனுங்க. அப்படியே காட்டுல கொட்டிருங்க சாமி, புண்ணியமாப் போகும்" என்றார். மறுநாள் அம்மா வீட்டுக்குக் கீழே போக வேண்டும், திரும்ப இரண்டு நாள் ஆகும், நீங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காட்டில் கொட்டுவதா? சுற்றுச்சூழல் படித்த நாங்கள் காட்டைப் பாழாக்குவோமா? புத்தகத்தில் என்ன இருக்கிறது, குழியில் கொட்டி மண் போட்டு மூட வேண்டும். ரோட்டுக்குக் கல் உடைத்த பழைய பள்ளம் ஒன்று கீழே இருந்தது. அங்கே போகச் சொன்னோம். டிராக்டர் ஓட்டிய அண்ணன் சேந்தமங்கலத்துக்காரர். பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, இதையவா பள்ளத்துல கொட்டறது?" என்று இரண்டு தடவை கேட்டார். இது புராஜெக்ட் அண்ணா என்றேன். "படிச்சவங்க சொன்னாச் செரிங்க" என்று கொட்டினார். இரண்டு நடையில் அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நாங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மண் போட்டு மூடுவதை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம். எங்கள் சோம்பேறித்தனம் உதவியது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் காலை அக்கா விடுதிக்கே வந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தன் காட்டுக்குப் போயிருக்கிறார். "காட்டுல ஒரு கூடைகூடக் காணமுங்க. எங்கீங்க கொட்டுனீங்க?" என்றார். நான் பெருமையாக அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தைக் காட்டினேன்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் குப்பை என்றால் எரு. வயலுக்குப் போடுகிற தொழு உரம். காடு என்றால் மரமும் புலியும் இருக்கிற காடு இல்லை, மானாவாரி நிலம். நான் டிராக்டரில் எடுத்துப் போகிறோம் என்றதும், அரசாங்கமே நிலத்தில் கொண்டுபோய் எரு கொட்டித் தருகிறது என்று நினைத்திருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கண்ணீர்.

"போன வருசந்தானுங்க பங்கு பிரிச்சோம். இதுதான் எங்க மொத வெள்ளாம. ஒரு மாட்டையும் நாலு ஆட்டையும் வெச்சுக்கிட்டு இவ என்னத்தப் பண்ணிக் கிழிப்பான்னு மாமியாரூட்டுல எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க. நாளன்னிக்குள்ள மழை வந்துரும். குப்பையில்லாமச் சாமைய வெதச்சா என்னத்துங்க வெளையும்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவ்வளவு நடந்தும் ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். மழை பெய்தால் பள்ளத்தில் இருப்பது எல்லாம் கரைந்து கீழே ஓடைக்குப் போய்விடும். ஒரு வருடம் அந்த அக்கா தினமும் கூட்டிச் சேர்த்தது.

டிராக்டரைத் தேடி ஓடினோம். அது மலையிலேயே தள்ளி இருக்கிற திண்ணனூர் நாட்டுப் பக்கம் ரோடு வேலைக்குப் போய்விட்டது, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் அக்கா இரண்டு கூடைகளோடு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தார். நாங்களும் இறங்கினோம். வேறு என்ன செய்வது?

பள்ளத்திலிருந்து அவர் நிலம் ஒரு கிலோமீட்டராவது இருக்கும், அத்தனையும் ஏற்றம். பழைய துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துவிட்டார் அக்கா. முதல் கூடையைத் தூக்கியதும் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டவளுக்கு இப்போது பொத்த கை இல்லை. வியர்வையோடு எருவும் சேர்ந்து முகத்தில் வழிந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய காரியம்தானே செய்திருந்தோம். அன்று இருட்டுவதற்குள் நாலு பேரும் சேர்ந்து சுமந்தது முப்பத்தெட்டு கூடை. கணக்குப் புலி உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருநூறில் முப்பத்தெட்டு போனால் மீதி எத்தனை என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் விடியும்போதே வானம் கருத்திருந்தது. நாங்கள் பள்ளத்துக்குப் போனபோது ஆறேழு பெண்கள் கூடையோடு நின்றார்கள். நூற்று எண்பது சொன்ன அம்மாளும் இருந்தார். "மெட்ராஸ் புள்ளைங்களே குப்ப சுமக்குதுங்க, நாங்க பார்த்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டபடி முதல் ஆளாகக் கூடையை நிரப்பினார். அப்புறம் வேலை பறந்தது. மதியச் சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்றோம். மூன்று மணிவாக்கில் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்து, நாங்கள் அடுத்த கூடையைத் தூக்குவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. பள்ளத்தின் அடியில் இருந்தது பழுப்பு நீராக எங்கள் காலடியிலேயே ஓடிப் போனது. பார்த்துக்கொண்டு நின்றோம்.

கோடுகளை எண்ணினாள் கணக்குப் புலி. நூற்று இருபத்தேழு. இருநூறுக்கு எழுபத்து மூன்று குறைகிறது. நான் அக்கா முன்னால் நின்று அழுதுவிட்டேன்.

அக்கா நனைந்த சும்மாட்டைப் பிழிந்துகொண்டே அந்த நூற்று எண்பது அம்மாள் தள்ளிப் போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு என் காதருகே வந்து, "அழுவாத கண்ணு. இருநூறெல்லாம் இல்ல. நூத்தம்பதுதான் தேறும். அவ நூத்தெம்பதுன்னாளே, நா கொறச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அதுவரை 'ஏனுங்க' என்று கூப்பிட்டவர் கண்ணு என்றது அப்போதுதான். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு. எரு அதிகம் இருந்தால்தான் அந்த ஊரில் அது வாழ்கிற வீடு. வாழ்கிற வீட்டுக்குத்தான் பெண் கொடுப்பார்கள். எங்கள் படிவத்தில் இருந்த எண்ணிக்கை ஒன்றுகூட உண்மையில்லை.

படிவத்தை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வீடு வீடாகப் போனோம். கடைசியில் எங்கள் அறிக்கையில் கழிவு என்ற பத்தியில் எழுதுவதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பேராசிரியர் நம்பவே இல்லை. நடந்ததைச் சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

அறுவடை முடிந்த சமயத்தில் விடுபட்ட சில விவரங்களுக்காக மறுபடியும் மலைக்குப் போனோம். உண்மையில் அக்காவைப் பார்க்கத்தான் போனோம். சாமை நன்றாகவே விளைந்திருந்தது. மாமியாரே வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிலத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தவர் ஓரத்தில் ஒரு துண்டு இடத்தில் நின்றார். அங்கே மட்டும் அறுத்த பயிரின் அடித்தாள் குட்டையாக, ஊசி ஊசியாக இருந்தது. எரு வந்து சேராத இடம். வீட்டுக்குப் போனதும் ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். குத்திப் புடைத்த சாமை, அரைப் படிகூட இருக்காது.

"அந்த ஓரத்துல, உங்க மூணு பேரு பங்குல வெளஞ்சதுங்க கண்ணு" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதை அன்று தங்கிய இடத்தில் பொங்கினோம். ஆளுக்கு இரண்டு கவளம் வந்தது. இன்று நான் ஒரு மாநகரத்தில் திடக்கழிவுத் துறையில் வேலை பார்க்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அழகான படிவங்களோடு வருவார்கள். முதலில் தெருவுக்குப் போய், அங்கே இருக்கிறவர்கள் எதைக் குப்பை என்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். காரணம் கேட்டால் சொல்வதில்லை. ஒரு பெண்ணின் முதல் வெள்ளாமையில் ஒரு துண்டு நிலத்தை நான் எருவில்லாமல் ஆக்கியதை, அதில் விளைந்த இரண்டு கவளத்தை நானே தின்றதை, இருபது வருடம் கழித்து இப்போதுதான் சொல்லத் துணிந்திருக்கிறேன்.