நெற்றியில் மாட்டிய நூல் பை

இலங்கையில் இந்தத் தேயிலை மலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. நம் முசிறிப் பக்கத்தில் பெண்கள் சும்மாடு வைத்துத் தலைமேல் சுமப்பார்கள். இங்கே சுமை முதுகில் தொங்குகிறது. அதன் கயிற்றை முன்னந்தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். கொழுந்துக் கூடை என்றால் சரி, தொழில் அப்படி. ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் கடைவீதிக்குப் போகிறவர்களும் அரிசியையும் கருவாட்டையும் சாக்கில் கட்டி, அப்படியே நெற்றியில் மாட்டிக்கொண்டுதான் மேடேறி வருகிறார்கள். என் கையில் மட்டும் பை. கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷமாகியும், அந்தப் பையை வைத்தே தூரத்தில் வருவது இந்தியாக்காரி என்று கண்டுகொள்கிறார்கள்.

அது நானே பின்னிய நூல் பை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் கற்றுக்கொடுத்தது. இங்கே நூலுக்கு எங்கே போவது? கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் காசிம் நானா மாவு மூட்டைகளின் வாய்த் தையலைப் பிரிக்கும்போது அந்தப் பருத்தி நூலை எறியாமல் எனக்கென்று சுருட்டி வைப்பார். ஊசி, உடைந்த குடைக்கம்பியை என் வீட்டுக்காரர் கல்லில் தேய்த்து நுனியை வளைத்துக் கொடுத்தது. அடியை வட்டமாக நெருக்கிப் பின்னிவிட்டு, மேலே போகப் போகக் கண்ணிகளை அகலமாக விட வேண்டும். காலியாக இருந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். போடப் போட இழுத்துக் கொடுக்கும். மழைதான் அதற்கு ஆகாது. நனைந்தால் முழங்காலுக்குக் கீழே தொங்கிவிடும், அடுப்புக்கு மேலே கட்டினால்தான் காயும்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டவள் பூரணம். வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் அவளுடையதற்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் பிறந்ததே அந்தக் காம்பராவில்தான். அக்கரையை, இந்தியாவை, அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அக்கரைக்குப் போ என்று அரசாங்கம் சொன்னது அவளைத்தான். முசிறியில் பிறந்த நான், என் வீட்டுக்காரருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் இங்கேயே இருக்கலாமாம். இது என்ன நியாயம் என்று நான் கத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், மெதுவாகப் பேசு என்பார் அவர்.

பூரணத்தின் புருஷன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, விசாரணை வருவதற்குள் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனான். அதனால் நுவரெலியாவில் நடந்த விசாரணைக்கு அவளோடு நான் போனேன். அதிகாரி சிங்களவர், குரலை உயர்த்தாத மனுஷர். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். மேல் டிவிசன், ஏழாம் லயம் என்றாள். அது தோட்டம், ஊரைச் சொல் என்றார்கள். தான் போதிய அளவு விவரமாகச் சொல்லவில்லையோ என்று நினைத்து, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் காம்பரா என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார். அவருக்கு இடம் விளங்கிவிட்டது என்று இவளும் சிரித்தாள். வெளியே வந்ததும், "நல்ல மனுசரா இருக்காருக்கா, நம்ம எடத்த வெளங்கிக்கிட்டாரு" என்றாள். சில மாதம் கழித்து, மனு தள்ளுபடி என்று வந்தது.

பயணம் உறுதியான பிறகுதான் பை பின்னக் கற்றுக்கொடு என்று வந்தாள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இருட்டும்வரை என் அடுப்படியில் உட்காருவாள். கொழுந்து ஆய்ந்து வெடித்த விரல் நுனிகளில் நூல் மாட்டிக்கொள்ளும். வெள்ளை நூல் அவள் கைபட்டுக் கறுத்துப்போகும். அங்கே எப்படி இருக்கும், தண்ணீர் கிடைக்குமா, லயம் உண்டா என்று கேட்பாள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். நான் விட்டு வந்த ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

பை முடியும் நேரத்தில் பார்த்தால், கைப்பிடிக்குப் பதிலாக நீளமாக ஒரே பட்டை பின்னி வைத்திருந்தாள். தலையில் மாட்டி அளவும் பார்த்தாள். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இது என்னடி, பையா கூடையா? அங்க எல்லாரும் கையிலதான் புடிப்பாங்க. இப்படிப் போய் நின்னா சிரிப்பாங்க. பிரிச்சிட்டுச் சின்னதாப் போடு."

அவள் பிரிக்கவில்லை. "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. பையக் கையில புடிச்சா புள்ளைங்கள எதால புடிக்கிறது? எனக்கு ரெண்டு கையும் வேணும்க்கா."

புறப்பட்ட அன்று அட்டன் ஸ்டேஷனில் அவள் இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகள். முதுகில் நூல் பை. கண்ணிகளின் வழியே உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது: தேயிலைத்தூள் பொட்டலம், பிள்ளைகளின் சட்டை, கொழுந்தெடுக்கும்போது நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு. அங்கே அவ்வளவு மழை கிடையாதே, இது எதற்கு என்றேன். மழை பெய்யாத ஊரில் எப்படி அக்கா இருப்பது என்று திருப்பிக் கேட்டாள். நல்லபடியாக அக்கரை போய் இறங்கினாளா என்று இன்றுவரை தகவல் இல்லை. அவள் காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமல் வேறு யாருடையதோ.

போன மாதம் என் பழைய பை இற்றுப்போனது. புதிதாக ஒன்று பின்னினேன். கைப்பிடி போடும் இடம் வந்தபோது, ஏனோ நிறுத்தத் தோன்றாமல் நீட்டிக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தலையில் கம்பளியைப் போட்டு, அதன்மேல் பட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். பயணத்துக்கு முன் நூல் பையை நெற்றியில் மாட்டிக்கொண்டு இந்தக் கடைவீதியில் நடந்தவள் பூரணம் ஒருத்திதான்.

பின்னாலிருந்து காசிம் நானாவின் குரல் கேட்டது. "பூரணமா? எப்ப புள்ள வந்த?"

திரும்பினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கோ, இப்பத்தான் வந்தேன் நானா என்ற பதில் வாய்வரை வந்துவிட்டிருந்தது.