ஈஸ்வரி வாங்கிய திட்டு

பூனைக்குக் காய்ச்சல் வருமா? போன செவ்வாய்க்கிழமை வந்தது.

கொரட்டூரில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் ஈஸ்வரி இருக்கிறார். சொந்த ஊர் கோவில்பட்டி. கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை. மாடிப்படியில் வளர்ந்த வெள்ளைப் பூனை ஒன்றுக்குச் சோறு வைப்பவர் அவர்தான். பஞ்சு என்று பெயர். அன்று காலை பஞ்சு உடம்பு கொதிக்கச் சுருண்டு கிடந்தது.

"சார், நீங்க கழுகப் பத்தியே எழுதுனவரு. இதுக்கு என்ன குடுக்கலாம்?"

எழுதினேன்தான், இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், என் படத்தோடு. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற கதை… நிறையப் பேர் பாராட்டினீர்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

'எனக்குத் தெரியாது, டாக்டரிடம் போங்கள்' — சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. பூனையைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்பின் அட்டையைப் படித்து, எடைக்குத் தக்க அளவு சொன்னேன். கணக்கில் தப்பே இல்லை!

சாயங்காலம் பஞ்சுவின் முகம் வீங்கிவிட்டது. ஈறு பழுப்பு நிறம். மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்தோம்.

"இன்னா சார், பூனைக்கா இவ்ளோ அவசரம்?" என்றார் டிரைவர். கண்ணாடியில் ஈஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "அழாதம்மா. தோ, அம்பத்தூர் இட்டுகினு போறேன்."

கால்நடை மருத்துவர் இளம்பெண். பூனையின் வாயைத் திறந்து பார்த்ததுமே கேட்டார்: "பாரசிட்டமால் குடுத்தீங்களா?"

தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஈஸ்வரி, "நான்தான் மேடம் குடுத்தேன்" என்றார்.

"பூனையோட கல்லீரலால அத முறிக்கவே முடியாதும்மா. விஷம். யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? கொல்லப் பாத்தீங்களே."

ஈஸ்வரி என் பக்கம் திரும்பவே இல்லை. நான்? சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்ட பிறகு மருத்துவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், நீங்களா? கழுகுக் கட்டுரை பிரமாதம். இவங்கள மாதிரி ஆளுங்களுக்குப் புரியற மாதிரி இதையும் எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன். அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன்.

வெளியே வந்து, "ஏம்மா என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்களயாவது நாலு பேரு படிக்காங்க சார். என்னய யாரு படிக்கா?"

பஞ்சு பிழைத்துவிட்டது. இப்போது தயிர்சோறு தின்கிறது.

ஓர் உடம்புக்கு மருந்து, இன்னோர் உடம்புக்கு விஷம். ஊருக்கே எழுதியவனுக்கு அது மூன்றாவது மாடிப் பூனையிடம் உறைக்கவில்லை. சரி, அதை அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றேனே — அதற்கு என்ன பெயர்?

டாக்டர், அடுத்த ஊசிக்கு ஈஸ்வரி வருவார். அவருக்கு நாற்காலி போடுங்கள். நிற்க வேண்டியவன் நான்.