அணைக்காத சூடமும் என் மஞ்சக்காணியும்

மாரியம்மனை நம்பியிருக்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் நான் கண்ணை மூடக் கூடாது. அழாமல் சொல்வேனா என்பதுதான் தெரியவில்லை.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காக என் வீட்டுக்காரருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வாய்ச்சண்டை. மறுநாளே அந்த மனிதரின் மாட்டுக்கொட்டகை எரிந்து உழவு மாடுகள் வெந்து செத்தன. பழி இவர்மேல் விழுந்தது.

ஊர்க்கூட்டம் அம்மன் கோயிலில் கூடியது. சந்நிதியில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இவரோ அணைக்க மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் நான் உண்டாகியிருந்தேன். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சூடம் அணைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று மாதம் தாண்டாமல் வெளியே சொல்லவும் கூடாது, கண் பட்டுவிடும். பிள்ளைக்காக அவர் ஊமையாக நின்றார். ஊரார் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். போலீசு வந்து விலங்கு மாட்டியது.

சேலம் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மிணி, இந்த ஒடம்போட இத்தன தொலவு வராத. ஊட்டுலயே இரு" என்பார். கேட்டேனா? வக்கீல் வீடு வீடாக அலைந்தேன். என் தகப்பனார் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சக்காணி நிலம் ஒன்று எங்கள் காட்டை ஒட்டி இருந்தது. அதை விற்கப் பார்த்தேன். கொள்ளி வைத்தவன் பெண்டாட்டி நிலம் என்று ஊரில் ஒருவரும் வாங்க வரவில்லை. வயிறு வெளியே தெரிந்த பிறகும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, சூடத்தையும் அதையும் சேர்த்துப் பார்க்கவும் இல்லை.

அலைச்சலில் ஏழாம் மாதமே வலி கண்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. யாருக்காக வாயை மூடிக்கொண்டு ஜெயிலுக்குப் போனாரோ, அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. மஞ்சக்காணியின் மூலையில் புதைத்தார்கள்.

தீட்டுக் கழிந்ததும் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன். "புள்ளயத்தான் எடுத்துக்கிட்ட. அவரயாவது நல்ல பேரோட ஊட்டுக்கு அனுப்பு தாயே. இல்லீன்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று தரையில் விழுந்து கதறினேன்.

அடுத்த வாய்தாவுக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒரு வக்கீல் கோர்ட்டு வாசலில் என்னைத் தேடி வந்தார். ஏழைகளுக்குக் கூலியில்லாமல் வழக்காடும் தர்ம சபை ஒன்று அனுப்பியதாம். ஜெயில் வார்டர் ஒருவர் என் வீட்டுக்காரர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சபையில் சொல்லியிருக்கிறார். வக்கீல் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரியாது. "சூடத்தை அணைத்திருந்தால் வழக்கே வந்திருக்காதே அம்மா, ஏன் மறுத்தார்?" என்று கேட்டார்.

"என்ற வகுத்துல புள்ள இருந்துச்சுங்க."

"குழந்தை நன்றாக இருக்கிறதா?"

"இல்லீங்க."

எங்கள் பக்கத்து நம்பிக்கையை விவரமாகச் சொல்லச் சொல்லி வக்கீல் எழுதிக்கொண்டார்.

விசாரணையில் எங்கள் ஊர்ப் பூசாரி சர்க்கார் தரப்புச் சாட்சி. சூடம் அணைக்க மறுத்ததைச் சொல்ல வந்தவர். "உம்முடைய மனைவி கர்ப்பமாக இருந்தால் நீர் அணைப்பீரா?" என்று வக்கீல் கேட்டார்.

"மாட்டனுங்க சாமி. எங்க பக்கம் ஆருமே அணைக்க மாட்டாங்க."

"இவர் மனைவி அப்போது கர்ப்பம் என்பது தெரியுமா?"

"தெரியாதுங்களே" என்றவர் என்னைப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு கூண்டில் ஏறி, இல்லாமல் போன பிள்ளையைப் பற்றி நான் சொன்னேன். பேறு பார்த்த மருத்துவச்சியும் சொன்னாள். அந்தச் சண்டையும் மௌனமும் தவிர இவர்மேல் வேறு சாட்சியம் இல்லை. விடுதலை ஆனார். ஊர் வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே மஞ்சக்காணியின் அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெற்றிலை பாக்குப் பழத்தோடு வக்கீலைப் பார்க்கப் போனோம். "எனக்கு நன்றி சொல்லாதீர்கள். கெங்கவல்லிப் பக்கத்தில் பிள்ளையில்லாத ஓர் அம்மாள், தன் காலத்துக்குப் பிறகு தென்னந்தோப்பைச் சபைக்கு என்று உயில் எழுதிவிட்டுப் போனார். அந்த வருமானத்தில்தான் உங்கள் வழக்கு நடந்தது" என்றார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த அம்மாள் கண்ணை மூடியாகிவிட்டதாம். அம்மனுக்குக் காது இல்லை என்று எத்தனை வைதேன். நான் கேட்கப் போவதை முன்னமே யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறாள். அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழுதேன்.

அதன்பின் எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தத் தையில் நாங்களும் சேலம் போனோம். மஞ்சக்காணி உங்களுக்கே சொந்தம், யாரும் மறிக்க முடியாது, இருக்கும்வரை உழுது சாப்பிடுங்கள், பிறகு சபைக்குப் போகட்டும் என்று வக்கீல் உயில் எழுதினார். கைநாட்டு வைக்குமுன் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"நம்ம பையன் இருந்தா அவனுக்குத்தான போயிருக்கும். கோர்ட்டு வாசல்ல நிக்கற எவனுக்கோ போகட்டும் அம்மிணி. அவனும் ஒருத்தி வகுத்துப் புள்ளதான்" என்றார்.

உங்களுக்கும் வழி அடைபட்டிருந்தால் அவள் வாசலுக்குப் போங்கள். சண்டையாவது போடுங்கள், விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஏதாவது மிஞ்சும் என்றால், முகம் தெரியாத ஒருவருக்கும் அதில் கொஞ்சம் எழுதி வையுங்கள். பிள்ளை படுத்திருக்கும் மூலையை மட்டும் ஒதுக்கி எழுதட்டுமா என்று வக்கீல் கேட்டார். வேண்டாம் என்று அதையும் சேர்த்தே கொடுத்தோம்.