என்னை விசாரிக்க வந்த போலீஸ்

எங்கள் மலை அடிவாரத்துப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும்போது கால்பந்து ஆட ஆரம்பித்தேன். ஆசைப்பட்டுச் சேரவில்லை. பதினோரு பேர் தேறவில்லை என்று விளையாட்டு டீச்சர் ஹாஸ்டலுக்கு வந்து, மலையிலிருந்து வந்திருந்த எங்கள் நாலு பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மற்ற மூவரும் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள். எனக்கு, ஓடி வருகிறவள் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது பிடித்துப் போயிற்று. அதைத் தவிர வேறெதுவும் எனக்குப் பெரிதாக வந்ததில்லை. கோல் போட்டதே கிடையாது.

எழுபதுகளின் பின்பாதி அது. பெண்கள் கால்பந்துக்கு இந்தியாவில் ஓர் அணியை அப்போதுதான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டம், மாநிலம் என்று ஆடி, தேசிய அணிக்கான முகாம் வரை போய்விட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். ஆண்கள் போட்டுக் கழித்த பனியன்களை உடுத்தினோம். பூட்ஸ் பெரிதாக இருக்கும். விரல் பக்கம் துணி அடைத்துக்கொள்வேன். முதல் வருடம் மைதானத்துக்கு வந்தவர்கள் எங்கள் அரை டிரவுசரைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள். மூன்றாம் வருடம் சுவர்மேல் ஏறி நின்று பார்த்தார்கள், யார் நன்றாக ஆடினாள் என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அணியில் பாதிப் பேர் பேசுவது எனக்குப் புரியாது. வங்காளத்திலிருந்து வந்த கோல்கீப்பர் எனக்காகவே "இடது, இடது" என்று தமிழில் கத்தப் பழகியிருந்தாள்.

அணி முதல்முறையாக வெளிநாடு போகப் பட்டியல் போட்டார்கள். கடைசிக்கு முந்தின பெயர் என்னுடையது. எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். ஒவ்வொருத்திக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. அணியின் மேனேஜராக இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். எங்கெங்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"அந்த விலாசத்துல அப்படி ஒரு பொண்ணே இல்லைன்னு போலீஸ் எழுதியிருக்காங்கம்மா. உங்க வீட்டுலயே கேட்டு எழுதினதாம்."

பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அன்றே ரயில் ஏறினேன். போளூரிலிருந்து பஸ், ஜமுனாமரத்தூரில் இறங்கி நடை. அப்பா சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"போலீசு வந்துச்சாப்பா?"

"வந்தாங்க. ரெண்டு பேரு."

"இன்னா கேட்டாங்க?"

"உன் பேரச் சொல்லி, உன் பொண்ணான்னாங்க. கையில காயிதம் வெச்சினு இருந்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

அப்பா நிமிரவில்லை. "அப்பிடி ஒரு பொண்ணு எங்க வூட்ல இல்லீங்கன்னேன். ஊர்ல கேட்டாங்க. அவங்களும் அதயேதான் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊருக்குப் போலீஸ் வந்ததெல்லாம் சந்தனக்கட்டைக்காகத்தான். முந்தின வருடம் சித்தப்பாவையும் இப்படித்தான் பெயர் சொல்லிக் கேட்டுக் கூட்டிப்போனார்கள். அவர் மரம் வெட்டியவர் இல்லை. புளி உலுக்கப் போனவர். திரும்பி வந்தபின் அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை.

"பொண்ணு எங்கன்னா காட்டிக் குடுத்துருவனா?" என்றார் அப்பா.

"வெளிநாடு போறதுக்குக் காயிதம்பா அது. வந்து கேப்பாங்க, ஆமான்னு சொல்லணும்."

"அத நீயில்ல முன்னாடியே சொல்லியிருக்கணும்."

உண்மைதான். அடிவாரத்துப் பள்ளிக்கு எழுதி, மலைக்குப் போகிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் இருவரும் அடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசல்வரை வந்த அப்பா படியேறத் தயங்கினார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மேஜையில் இருந்த ஏட்டையா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இது உன் பொண்ணா?"

"ஆமாங்க."

"அப்ப அன்னிக்கு இல்லன்ன?"

அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போலீசுக்குப் பொய் சொன்னா கேசு, தெரியுமா? ரிப்போர்ட்ட மாத்தணும்னா, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் கைநாட்டு வெக்கணும். அப்பறம் ஐயா இன்னா பண்ணுவாரோ, எனக்குத் தெரியாது."

ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டைவிரலை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சித்தப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது.

"வேணாங்க சார். நாங்க போறோம்," என்றேன்.

"யோசிச்சு சொல்லும்மா."

"வேணாங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார். இருவரும் தின்னவில்லை.

என் இடத்தில் வேறொருத்தியைக் கூட்டிப்போனார்கள். செய்தித்தாளில் அவர்கள் விமானத்துக்கு முன்னால் நின்ற படம் வந்தது. ஆறு மாதம் கழித்து அடுத்த முகாமுக்குக் கடிதம் வந்தபோது போனேன். அந்தப் பெண், நான் ஆடிய இடது பக்கத்தில், என்னைவிட நன்றாகவே ஆடினாள். கோல்கீப்பர் இப்போது அந்தப் பெண்ணின் மொழியில் கத்தினாள். வெளியே உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அணி வளர்ந்தது, பெரிய போட்டிகளில் இறுதி ஆட்டம்வரை போயிற்று. எனக்குப் படவேட்டுப் பக்கம் கல்யாணமாயிற்று. கால்பந்து ஆடினவள் என்று அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்கள். காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

எண்பதுகளின் நடுவில், என் இரண்டாவது பிள்ளையைப் பார்க்க அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆட்டத்துக்கு இப்ப உன்னக் கூப்ட மாட்டாங்களா? கூப்ட்டா நான் வந்து சொல்றேன், என் பொண்ணுதான்னு."

"இல்லப்பா. எனக்கு வயசாயிப்போச்சு."

"உனக்கா?" என்றார். அப்போது எனக்கு இருபத்தாறு.

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். பிள்ளை அழுதது. எழுந்து போனேன்.