பொக்கற் இல்லாத உடுப்புக்கு ஒரு ஆமை

லிபெர்த்தா வீதியில் நான் துப்புரவு வேலை செய்யும் இத்தாலிய வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. அதற்குள் பாக்கு அளவில் செதுக்கிய ஜப்பானிய உருவங்கள். நெட்சுகே என்று பெயர். ஏழு வருடம் தூசி துடைத்தும், ஒவ்வொன்றின் அடியிலும் ஏன் இரண்டு துளை என்று நான் யோசித்ததில்லை. விடுமுறையில் உதவிக்கு வந்த என் மகள்தான் தேடி வாசித்து வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவுக்குச் சொன்னாள். கிமோனோவுக்குப் பொக்கற் இல்லை. துளையில் கயிறு கோத்து, மறுமுனையில் சிறு பையைக் கட்டி, இடுப்புப் பட்டிக்குள்ளால் தொங்கவிடுவார்கள். மேலே இந்த உருவம் தடுத்துக்கொள்ளும், பை விழாது.

அடுத்த வாரம் மர ஆமையைக் காணவில்லை.

சிஞ்ஞோரா வெற்றிடத்தைக் காட்டியதும் நான் "ஸ்கூசி" என்றேன். மற்றவர் எங்கள் காலை மிதித்தாலும் நாங்களே மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள். அவர் முகம் மாறியபோதுதான், அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துவிட்டார் என்று விளங்கியது.

"சனிக்கிழமை மகளையும் கூட்டி வா," என்றார்.

வேலை போனால் வேறு தேடலாம். பிள்ளைக்குக் கள்ளி என்று பெயர் வந்தால்? அன்று அவள் குளிக்கும்போது அவளது புத்தகப் பையைக் கிளறினேன். ஒன்றுமில்லை.

சனிக்கிழமை நாங்கள் இருக்கும் பிரான்காச்சோவில் பஸ் ஏறியதும் சொன்னேன்: "அங்கை போய் வாய் காட்டாதை. முதல்லை மன்னிப்புக் கேள்."

"செய்யாததுக்கோ?"

"கேட்டா ஒண்டும் குறையாது."

"நீங்கள் கேட்டபடியால்தானே இப்ப ரெண்டு பேரும் போறம்."

அங்கே போயும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "சிஞ்ஞோரா, உங்கள் மூக்குக்கண்ணாடி உறை எங்கே?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

"அதையும்தான் தேடுகிறேன்."

"வீட்டில் போடும் அங்கி?"

அது குளியலறைக் கதவில் தொங்கியது. மகள் அதைத் தொடாமல் தள்ளி நின்றாள். "பொக்கற்றில் நீங்களே கையை விட்டுப் பாருங்கள்."

முதலில் கண்ணாடி உறை வந்தது. பிறகு கயிறு. கயிற்றின் நுனியில் ஆமை. மகள் சொன்னது போலத் தனியாக இருந்தபோது அங்கிப் பட்டியில் கட்டிப் பார்த்துவிட்டு, கழற்றும்போது அப்படியே பொக்கற்றில் போட்டு மறந்திருக்கிறார்.

சிஞ்ஞோரா முதலில் மகளிடமும் பிறகு என்னிடமும் "ஸ்கூசி" என்றார். பரவாயில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பொலிதேயாமாவில் இறங்கி, பொரித்த சோற்று உருண்டையான அரஞ்சீனா ஆளுக்கொன்று வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம்.

"அம்மா, என்ரை பையிலை என்ன கிடைச்சது?"

எனக்கு விக்கியது.

"புத்தகமெல்லாம் அளவுப்படி அடுக்கியிருந்தது. உங்களைத் தவிர ஆர் அப்பிடி அடுக்குவினம்?"

"பிழைதான் பிள்ளை. மன்னிச்சுக்கொள்," என்றேன்.

"ஓம், இதுக்குக் கேக்கலாம்," என்றவள், என் கையில் மிச்சமிருந்த அரஞ்சீனாவையும் எடுத்துக்கொண்டாள்.