பள்ளம் எந்தக் கைப் பக்கம்?

வெயிலும் இல்லை, மழையும் இல்லை, குடையை விரித்துவிட்டான். தலைக்கு மேலே அல்ல. வலது தோளுக்குப் பக்கவாட்டில், கதவைச் சாத்துகிற மாதிரி. காட்டு வழியில் மரமே இல்லாத மொட்டைப் பாறை ஒன்று வரும், கடக்க இருபத்தெட்டு எட்டு. அந்த இருபத்தெட்டு எட்டுக்கும் கறுப்புத் துணியைப் பார்த்தபடியே நடப்பான், வாயைத் திறக்க மாட்டான். மறுபடி மரம் வந்ததும் குடையை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவான். "அதான் மாமா, ஊசியில கோளாறே இல்ல. தைக்கிறவ கையிலதான் கோளாறு."

என் பெரியம்மா மகளுக்கு இளைய பிள்ளை இவன். எனக்கு மருமகன் முறை. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். மலைமேல் ஊரில் ஒரு தையல் கூடம் இருக்கிறது, பதினான்கு மெஷின். மாதம் ஒரு தடவை அவன் ஏறியாக வேண்டும். மெஷின்மேல் காதைச் சாய்த்துச் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், உள்ளே எது தேய்ந்தது, எங்கே நூல் சிக்கியது என்று சொல்லிவிடுவான். தப்பினதில்லை. ஆனால் ஸ்டூலில் ஏறி ஒரு பல்பு மாட்டச் சொல்லுங்கள், "எம் பொண்டாட்டி நல்லா மாட்டுவா" என்பான்.

இது அவனாகச் சம்பாதித்த பயம் இல்லை. அவன் அப்பாவைப் பெற்றவர், சொந்த மகன் கல்யாணத்துக்கு மொட்டை மாடியில் சாப்பாடு போட்டபோது, மாடிப்படிக்கு அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த மனுஷர். சித்தப்பா ஒருத்தர் தண்ணீர்த் தொட்டி ஏணியில் நாலாவது படியில் நின்றுகொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் கூப்பாடு போட்டார். நான்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். அந்த வீட்டில் தப்பிப் பிறந்தவள் இவன் அக்கா ஒருத்திதான். பஸ்ஸில் பள்ளத்துப் பக்க ஜன்னலுக்குச் சண்டை போடுவாள். மேல் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டாள்.

மேல் ஊருக்கு மூன்று வழி. பஸ் ரோட்டில் பதினொரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பாறை வழி குறுக்கு வழி, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் ஒரு ஆள் அகலம்தான். ஒரு பக்கம் சுவர் மாதிரிப் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. மூன்றாவது காட்டு வழி, மலையின் முதுகைச் சுற்றிக்கொண்டு நாலு மணி நேரம். இவன் விடியும்போதே கிளம்பிக் காட்டு வழியாகப் போவான்.

அதைச் சும்மா பிடித்துவிடவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற ஒருத்தரையும் விடமாட்டான். எவ்வளவு தூரம் என்று கேட்க மாட்டான். "ஏறும்போது பள்ளம் எந்தக் கைப் பக்கம்? மரமா, புதரா? புதர்னா இடுப்பளவா, முழங்கால் அளவா?" என்று கேட்பான். யாராவது "ஒண்ணும் பயமில்லப்பா, சும்மா போலாம்" என்று சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். "ஒண்ணுமில்லங்கறது ஒரு பதிலா? என்ன இருக்குன்னு சொல்லுங்க."

அதிகமாக மாட்டிக்கொண்டவள் அக்காதான். தான் மிதிக்கவே போகாத பாறை வழியைக்கூட அவளிடம் படி படியாகக் கேட்டு வைத்திருந்தான். "இவன் கேக்குற கேள்விக்கு அந்த மலையே எந்திரிச்சுப் போயிடும் மாமா" என்று என்னிடம் சிரிப்பாள்.

மேல் ஊரில் அவனுக்குப் பேர் 'குடை'. தூரத்தில் கண்டாலே, "குடை வருது, மெஷினைத் துடைச்சு வைங்கடி" என்பார்கள். ஆனால் ஒரு விஷயம். வயிற்றுப்பிள்ளைக்காரி இறங்க வேண்டும், மூட்டுவலிக்காரர் ஏற வேண்டும் என்றால் வழி கேட்டு அவனிடம்தான் வருவார்கள். பயமில்லாதவன் வேகமாக நடந்துவிடுகிறான், வழியில் என்ன இருந்தது என்று அவனுக்கு எங்கே தெரிகிறது?

போன மழைக்கு நடந்தது இது. அக்காவுக்கு ஒரு கண் முன்னமே போய்விட்டது. மற்றதிலும் புரை முற்றி, எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாத நிலை. கீழே எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருவார். "இந்தத் தடவை விட்டா இந்தக் கண்ணும் போயிடும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். இவன் திங்கட்கிழமையே மேலே போனான், மெஷின் வேலையை முடித்துவிட்டு அவளையும் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் ஏழாவது வளைவோடு ரோடு போய்விட்டது. காட்டு வழியில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மிச்சம் பாறை வழி.

ஊர்ப் பையன்கள் நல்லவர்கள்தான். "தூக்கிட்டுப் போயிடறோம் பெரியம்மா" என்று வந்தார்கள்.

"தூக்கிட்டுப் போக நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள் அக்கா.

சரியென்று கையைப் பிடித்து நடத்தினார்கள். முதல் இறக்கத்திலேயே அவள் கால் நின்றுவிட்டது. ஆயிரம் தடவை ஓடி இறங்கின கால். "வாங்க, ஒண்ணுமில்ல, சும்மா வாங்க" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அவள் பாறையோடு ஒட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பயம் என்றால் என்னவென்று அறியாதவள் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாளாம்.

அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தான் இவன். "நகருங்கடா" என்றான். அவள் முன்னால் போய் இடது பக்கம் குடையை விரித்தான். காற்று ஒரே இழுப்பாக இழுத்தது, ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. மடக்கிவிட்டான். மடக்கின குடையின் முனையைத் தான் பிடித்துக்கொண்டு, வளைந்த பிடியை அக்கா கையில் கொடுத்தான். வலது உள்ளங்கையைப் பாறையில் பதித்தான். தன் கால் பெருவிரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

"அக்கா, இப்ப மூணு படி. மூணாவது ஆடும், ஓரத்துல மிதிக்காதே."

"நீ எப்படா பாத்தே?"

"நீதான் சொன்னே. உம் பெரியவன் பொறந்த வருஷம்."

"அது இன்னுமா ஆடுது?"

"ஆடுது. இங்க தலையைக் குனி, பாறை மூக்கை நீட்டிட்டிருக்கு. இப்ப பள்ளம் உன் இடது கைப் பக்கம். புதர் முழங்கால் அளவு. இன்னும் பத்து எட்டுல அதுவும் இல்ல."

"இல்லாட்டி என்னடா, சொல்லிக்கிட்டே போ."

ஒரு மணி நேர வழி, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நான் அடிவாரத்தில் ஆட்டோவோடு நின்றிருந்தேன். வந்தவன் சட்டை வியர்வையில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மண்ணில் ஊன்றிக்கொண்டான். "மாமா, முதல்ல இவனுக்குத் தண்ணி குடுங்க" என்றாள் அக்கா.

கண் பிழைத்துவிட்டது. ஒன்றரை மாதம் இவன் வீட்டில் இருந்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள், நானும் வழி பிரிகிற இடம்வரை போனேன். காட்டு வழியைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இவன் அந்தப் பக்கம் திரும்பினான். அவள் நகரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாறை வழியை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள்.

"இதுலயாடா என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"ம்."

"வா, இதுலயே போலாம். ஒண்ணும் பய..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஏறும்போது பள்ளம் வலது கைப் பக்கம். மொதல் வளைவு வரைக்கும் புதர், இடுப்பளவு. அப்புறம் அம்பது எட்டு வெறும் பள்ளம்தான். நான் சொல்லிக்கிட்டே வரேன்."

இவன் காட்டு வழியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அக்குளிலிருந்து குடையை எடுத்தான். விரிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். விரிக்கவில்லை. முனையை அக்கா கையில் கொடுத்து, வளைந்த பிடியைத் தான் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.